அக்கரைக்குப் போகாத கடிதம்

எங்கள் சங்கத்துக்கு மிக நீளமான பெயர். ரப்பர் ஸ்டாம்பில் அது மூன்று வரிக்கு வரும். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதில் இருந்தவர்கள் பெயரையும் எழுத மாட்டேன். தங்கள் பெயரை அச்சில் பார்ப்பதில் அவர்களுக்கெல்லாம் அலாதி ஆசை உண்டு. என்னால் கொடுக்க முடிந்த தண்டனை இது ஒன்றுதான். என் பெயரையும் சேர்த்தே விட்டுவிடுகிறேன். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மயிலாப்பூரில் சங்கம் ஆரம்பமாயிற்று. மலேயாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள், அங்கே ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் கதியைச் சொன்னார்கள். தோட்டத்து ஆண்களை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான்; போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடையாது, சிலேட்டு கிடையாது, பல இடங்களில் வாத்தியாரே கிடையாது. இதையெல்லாம் கேட்டு எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் சிலர் உருகினார்கள். அந்த உருக்கம் பொய் என்று சொல்ல மாட்டேன். முதல் கூட்டத்தில் எங்கள் தலைவி அழுதார். அடையாற்றில் ஆற்றைப் பார்த்த பங்களாவில் இருந்தவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட புடவைத் தலைப்பு நிஜமாகவே நனைந்திருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

செயலாளர், ஹைகோர்ட்டில் வக்கீலாக இருந்து ஓய்ந்தவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. அந்த வீட்டுக் கூடத்தில்தான் கமிட்டி கூடும். கூடினால் டிபன் உண்டு. டிபன் சரியாக அமையாத மாதங்களில் தீர்மானங்களும் சரியாக அமைவதில்லை. நல்ல மனிதர்தான். எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நல்லவராக இருப்பது எப்படி என்பதை வாழ்நாள் முழுக்கப் பழகியவர்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். தியாகராய நகரில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை. தலைவி ஒரு வார்த்தை சொன்னதால் கிடைத்த வேலை அது. அவர் இன்னொரு வார்த்தை சொன்னால் போய்விடும். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்ட அவசியமே வராதபடி நான் நடந்துகொண்டேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தை என் தலையில் கட்டினார்கள். சம்பளம் கிடையாது, புண்ணியம் உண்டு. சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளும் அந்த மூன்று வரி முத்திரையும் என் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருந்தன. செயலாளர் வீட்டில் வைத்தால் பேரக் குழந்தைகள் முத்திரையை எடுத்துச் சுவரெல்லாம் குத்திவிடுகின்றன என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு நாங்கள் அனுப்பியது புத்தகம். புதுப் புத்தகம் அல்ல. எங்கள் வீடுகளில் காகிதம் என்றால் சரஸ்வதி. காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டதை எடைக்குப் போட்டு, கடலைக்காரன் கிழித்துப் பொட்டலம் கட்ட விடுவதா? மனசு ஒப்பாது. நெருப்பில் போடவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் மூன்று தலைமுறைப் புத்தகம் செல்லரித்துக் கிடந்தது. சரஸ்வதி பூஜைக்கு எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டும்போதுதான் அந்தப் பாரம் ஞாபகத்துக்கு வரும். விஜயதசமிக்கு மறுநாள் நாங்கள் கைவண்டியோடு வாசலில் போய் நின்றோம். பாவமும் சேராமல் பரணும் காலியாக இப்படி ஒரு வழி கிடைத்தால் யார் விடுவார்கள்? வண்டி வண்டியாகக் கொடுத்தார்கள்.

வந்ததில் பாதி பழைய பஞ்சாங்கம். வக்கீல் வீடுகளிலிருந்து தலையணை தலையணையாகத் தீர்ப்புத் தொகுப்புகள். கிரந்த எழுத்தில் அட்டை போன ஸ்தோத்திரங்கள். யாரோ எந்தக் காலத்திலோ காலேஜில் படித்த இங்கிலீஷ் தர்க்க சாஸ்திரம், ஒரு ரயில்வே கால அட்டவணை. நடுநடுவே, தவிட்டில் நொய் பொறுக்குகிற மாதிரி, ஒன்றாம் வகுப்புப் பாலபாடம் ஒன்றோ இரண்டோ அகப்படும். குழந்தைகள் படித்த புத்தகம் கிழிந்துபோய்விடும் அல்லவா. கிழியாமல் மிஞ்சுவது பெரியவர்கள் படிக்காத புத்தகம்தான்.

பிரிந்தவற்றைத் தைத்து அட்டை போடத் திருவல்லிக்கேணிக்கு எடுத்துப் போவேன். அங்கே மசூதிக்குப் பின் தெருவில் பைண்டிங் கடை வைத்திருந்த பாய் பசையைக் கிளறிக்கொண்டே ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்ப்பார். ஒருநாள் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இன்னாம்மா இது, ஏழு வருசத்துக்கு முந்தின பஞ்சாங்கத்துக்கு அட்டை போடச் சொல்றே. அங்க கீற பசங்க இன்னா, நல்ல நேரம் பாத்துக்கினா மரம் வெட்டப் போவுது?"

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஏதோ சொன்னேன். அதை மாடு வாங்குகிறவன் அல்லவா சொல்ல வேண்டும், கொடுக்கிற நீ சொல்கிறாயே என்று அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமான பேச்சைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். புத்தகங்களை அப்படியே அவரிடம் விட்டுவிட்டு டிராம் ஏறி வந்துவிட்டேன்.

ஆனால் சங்கம் புத்தகத்தால் ஓடவில்லை, கடிதத்தால் ஓடியது. ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம் நடக்கும். தோட்டத்து வாத்தியார்கள் எழுதிய கடிதங்களை அங்கே வாசிப்பது வழக்கம். முதல் வருஷம் வந்த கடிதங்களை வந்தபடியே வாசித்தார்கள். ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்கு வயிற்றில் கொக்கிப்புழு என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கூரை ஒழுகுகிறது, கள்ளுக்கடை பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்தோத்திரப் புத்தகங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே போனார்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். குறையைச் சொன்னால் கொடுக்கிறவர்கள் மனசு ஒடிந்துவிடும், இனிமேல் வாசிக்கிற கடிதங்களை நீ கொஞ்சம் பார்த்து எழுதிக் கொடு என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்களே, இது அதைவிடப் பெரிய காரியம் என்றும் சொன்னார்.

பார்த்து எழுத ஆரம்பித்தேன். முதலில் குறைகளை மட்டும் எடுத்தேன். எடுத்த இடம் பொக்கையாகத் தெரிந்ததால் அங்கே நாலு நல்ல வார்த்தை வைத்தேன். அடுத்த வருஷம் வாத்தியாருடைய வார்த்தை என்று பார்த்தால் ஊர் பெயரும் தேதியும்தான் மிச்சம். ரப்பர் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு அரிச்சுவடியை மார்போடு அணைத்துக்கொள்ளும் சிறுமி ஒருத்தியை உண்டாக்கினேன். அவளுக்கு அப்பா இல்லை; புத்தகத்தைத் தடவிப் பார்த்து, இதை அப்பா அனுப்பினாரா என்று கேட்பாள். படிக்கிற பொறுப்பும் எனக்கே வந்தது. நான் படித்தபோது மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காத அம்மாள்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடலுக்கு அப்பால் இருக்கிறவர் இங்கே வந்து எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார் என்ற தைரியம் எனக்கு இருந்தது.

தோட்டங்களிலிருந்து எழுதியவர்களில் ஒரு வாத்தியாரின் கடிதங்களை மட்டும் நான் எறியாமல் வைத்திருந்தேன். பேராக் பக்கம் எங்கோ உள்ளே தள்ளி இருந்த தோட்டம். தோட்டத்து ஆட்களின் வருகையைப் பதிகிற பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். உள்ளதை உள்ளபடி எழுதுகிற மனுஷர். பதினொரு பஞ்சாங்கம் வந்து சேர்ந்தது, பிள்ளைகள் ராசிக் கட்டத்தைத் தாயக் கட்டம் என்று நினைத்துப் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எழுதினார். தீர்ப்புப் புத்தகங்களின் ஓரத்தில் இடம் நிறைய இருப்பதால் அதில் எழுதிப் பழகுகிறார்களாம். ஒன்றாம் பாடப் புத்தகம் முப்பது இருந்தால் உதவியாக இருக்கும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும். செயலாளரிடம் சொன்னேன். சேகரித்துக் கொடுப்பதுதான் சங்கத்தின் விதி, வாங்கிக் கொடுப்பது விதியில் இல்லை என்றார்.

ஒரு தடவை என் கைக்காசில் ஒரு டஜன் சிலேட்டு வாங்கி வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பினேன். மூன்று முழுசாக வந்தன, மற்ற ஒன்பதும் உடைந்து இருபதுக்கு மேல் ஆகிவிட்டதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமானதாக இருந்தது என்று பதில் எழுதினார். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கடிதத்தைத்தான் நான் சிறுமி, வாளி, அப்பா என்று மாற்றி எழுதினேன்.

நாலாம் வருஷம், மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் துரை, பள்ளிக்கூடக் கொட்டகையை ரப்பர் ஷீட் அடுக்கக் கேட்கிறார். வாத்தியாருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது துரையின் நினைப்பு. இல்லை, மதராஸில் ஒரு பெரிய சங்கம் எங்களுக்கு ஆதரவாக இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வா, கொட்டகையை விட்டுவிடுகிறேன் என்று துரை சொன்னாராம். ஜனவரி முடியத் தவணை. கொட்டகை போய்விட்டால் பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றவர்களோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பப் படிக்க வரமாட்டார்கள். பணம் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். இந்தப் பள்ளிக்கூடம் எங்கள் ஆதரவில் நடக்கிறது என்று உங்கள் தாளில், முத்திரையோடு, இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். இவ்வளவுதான் கடிதம்.

அடுத்த பினாங்குக் கப்பலுக்கு எட்டு நாள் இருந்தது. அதில் போட்டால் ஜனவரி பாதிக்குள் கிடைத்துவிடும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். விடிந்ததும் செயலாளர் வீட்டுக்குப் போனேன். மாட வீதி பஜனை முடிந்து வந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஆதரவுன்னு எழுதிட்டா பொறுப்புன்னு ஆயிடும், குழந்தே. நாளைக்கு அந்தக் கொட்டகை விழுந்து நாலு பேர் போனா நம்மளத்தான் கோர்ட்டுக்கு இழுப்பா. கமிட்டியில வைக்கணும். மார்கழியில புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது. தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

பள்ளிக்கூடம் புதுசு இல்லையே மாமா, இருக்கிறதுதானே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மறுநாள் தலைவியைப் பார்க்க அடையாற்றுக்குப் போனேன். கச்சேரி சீசன். வெளியூர் வித்வான் ஒருவர் அவர் பங்களாவில் தங்கியிருந்தார். கூடத்தில் தம்பூராவை மீட்டி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவி வெளியே வந்து நின்றபடி கேட்டார். சட்டம் தெரிந்தவர் செயலாளர்தான், அவர் சொல்கிறபடி செய் என்றார். பிறகு, பள்ளிக்கூடத்தில் உன் வேலையெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அன்பாகத்தான் விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாள் என்னிடம் இருந்தது. முத்திரை என்னிடம் இருந்தது. நாலு வரி இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அந்த வாரத்தில் இரண்டு தடவை பெட்டியைத் திறந்து தாளை வெளியே எடுத்தேன். இரண்டாவது தடவை பேனாவில் மையும் தொட்டேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நமக்கு எதுக்குடி ஊர் வம்பு? நாளைக்கும் ஆத்துல உலை கொதிக்கணுமோன்னோ?"

அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். எங்குமே இல்லாத சிறுமிக்காகப் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, இருக்கிற பள்ளிக்கூடத்துக்காக நாலு வரி எழுதத் துணிச்சல் வரவில்லை. தாளைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். கப்பல் போய்விட்டது.

தை பிறந்தது. தையில் எல்லார் வீட்டிலும் கல்யாணம்; கமிட்டிக்கு ஆள் சேரவில்லை. மாசியில் கூடினார்கள். அன்றைக்கு டிபனுக்கு அடை, அவியல். கடிதத்தைப் படித்துவிட்டு, இந்த விஷயத்தைச் சங்கம் ஆழ்ந்த அனுதாபத்துடன் கவனித்து வரும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். தவணை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை நான் சொன்னதும், அந்தத் துரை ஒன்றும் ராட்சசன் இல்லை, கொஞ்சம் பொறுப்பான் என்று ஒருவர் சமாதானம் சொன்னார்.

பங்குனியில் ஆண்டுக் கூட்டத்துக்குக் கடிதம் தேவைப்பட்டது. மார்கழிக்குப் பிறகு அந்த வாத்தியாரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இருக்கிற கடிதத்தையே கொஞ்சம் பார்த்து எழுதிவிடு, அந்தப் பள்ளிக்கூடம் என்றால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்றார் செயலாளர். எழுதினேன். துரையை எடுத்தேன், தவணையை எடுத்தேன், கேட்ட நாலு வரியையும் எடுத்தேன். அந்த இடத்தில் எங்கள் கொட்டகை இன்று பிள்ளைகள் கூட்டத்தைத் தாங்கவில்லை என்று எழுதினேன். என் ஆயுள் உள்ளவரை இதே பள்ளியில் தொண்டாற்றும் பாக்கியம் தங்களால் கிடைத்தது என்று முடித்தேன்.

கூட்டத்தன்று மண்டப வாசலில் மேஜை போட்டு வருகிறவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, கான்வாஸ் ஜோடு, தோளில் ஒரு டிரங்குப் பெட்டி. பெயரைக் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லாமல் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்மா" என்றார். "சிலேட்டு அனுப்புனீங்களே."

பேராக் வாத்தியார். முந்தின நாள் கப்பலில் வந்து இறங்கினாராம். செயலாளர் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது எல்லாரும் இங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டகையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், பெரிய பிள்ளைகள் பால்வெட்டுக்குப் போய்விட்டார்கள், தனக்கு அங்கே இனி வேலை இல்லை, சொந்த ஊருக்குப் போகிற வழியில் உங்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

"துரைக்கு எழுதின கடுதாசியை எந்தக் கப்பல்ல போட்டீங்கம்மா?"

நாங்கள் எழுதவே இல்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் வாயிலிருந்து பதில் தங்கு தடையில்லாமல் வந்தது. டிசம்பர் கடைசியில் போன கப்பலில் போட்டோம் என்றேன். பழகின வாய்.

"அப்ப வழியிலதான் தவறியிருக்கு. பிள்ளைங்ககிட்டயும் நான் அப்படித்தான் சொன்னேன்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். பாவம், அவர் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது.

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். யார் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. பெட்டியை வாங்கி ஓரமாக வைக்கச் சொல்லி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் மேடையில் தலைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கடல் தாண்டி நம்மைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அறிவித்ததும் மண்டபமே கை தட்டியது. சந்தனம் பூசி மாலை போட்டார்கள். அடுத்தது கடிதம் படிக்கிற கட்டம். இந்த வாத்தியாரே எழுதிய கடிதத்தை இப்போது படிப்பார்கள் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் மயங்கி விழுந்திருக்கலாம். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு கடிதத்தையாவது எடுத்துப் படித்திருக்கலாம். எழுந்துபோய், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இரண்டு கஜ தூரத்தில் நின்று, அவர் பெயரால் நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பிள்ளைகள் கூட்டத்தைத் தாங்காத கொட்டகையைப் படித்தேன். ஆயுள் உள்ளவரை கிடைத்த பாக்கியத்தைப் படித்தேன். வழக்கமான இடங்களில் வழக்கம்போல மூக்கை உறிஞ்சினார்கள். அவர் பக்கம் நான் திரும்பவில்லை. மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

வாத்தியாரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தலைவி கேட்டுக்கொண்டார். அவர் எழுந்து, மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"அம்மா படிச்ச பள்ளிக்கூடம் ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை காலியா இருந்தாச் சொல்லுங்க, நான் வர்றேன்."

அவ்வளவுதான் பேசினார். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், உடனே மண்டபமே சிரித்தது. என்ன அடக்கம், என்ன நகைச்சுவை என்று தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நன்றியுரை நடந்துகொண்டிருக்கும்போதே வாத்தியார் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். நான் ஒரு டம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். காம்பவுண்டு கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். காப்பியை வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"கப்பல்ல போட்டோம்னு சொன்னீங்களே. அதுவும் இப்பப் படிச்ச மாதிரிதானா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். வாயைத் திறந்தால் இன்னொரு பொய் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"தபால் வர்ற நாளெல்லாம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரோட்டுல வந்து நின்னேம்மா" என்றார். "அதைப் பாத்துட்டு தொரைகூட ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தாரு."

பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். காப்பி ஆறும் வரை கேட்டடியிலேயே நின்றிருந்தேன். உள்ளே வந்தபோது சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தொன்னை வந்தது.

அதோடு விட்டுவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த பங்குனியில், அந்த வாத்தியார் பள்ளிக்கூடத்துக் கடிதம் வரவில்லையா என்று தலைவியே கேட்டார். போன வருஷம் எவ்வளவு அழகாகப் பேசினார் என்றும் சொன்னார். செயலாளரைத் தனியாகப் பார்த்து, அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லையே மாமா என்றேன்.

"அது நமக்குத் தெரியும், குழந்தே. அவாளுக்குத் தெரியாதே" என்றார்.

மறுக்கலாம் என்று வீடு வரை நினைத்துக்கொண்டு போனேன். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது. எழுதினேன். மூடிப்போன பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து நன்றி சொல்லி எழுதிய மாதிரி, ஒன்றரைப் பக்கம். கூட்டத்தில் நானே படித்தேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் விசித்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்து, பிறகு மேலே படித்தேன்.